குதிரையிலிருந்து விழும் மனிதன்: இந்த ரோமானியக் காசில் என்ன நடக்கிறது?

கோவைத் திவ்யா கேட்டது:

வணக்கம். நான் நாணயம் சேர்ப்பவள் இல்லை. அண்ணன் லண்டனில் ஒரு நாணயச் சந்தையில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி, ஊருக்கு வந்தபோது என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். வெண்கலக் காசு, கரும்பச்சை நிறம். குறுக்களவு 17 மி.மீ. நகைக்கடையில் எடை போட்டுப் பார்த்தேன், 2.3 கிராம். (கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.)

ஒரு பக்கம் வலப்புறம் பார்க்கும் தலை. தலையைச் சுற்றி முத்து கோத்தது போல ஒரு பட்டை, பின்கழுத்தில் அதன் முடிச்சு தொங்குகிறது. எழுத்து: டி என் கான்ஸ்டான், பிறகு இடைவெளி, டியஸ் பி எஃப் ஏவிஜி.

மறுபக்கம்தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. தலைக்கவசம் போட்ட ஒருவன், இடக்கையில் கேடயம், வலக்கையால் ஈட்டியைக் கீழ்நோக்கிப் பாய்ச்சுகிறான். கீழே ஒரு குதிரை மடங்கி விழுந்திருக்கிறது. அதன் மேலிருந்தவன் திரும்பி, குத்துபவனைப் பார்த்துக் கையை நீட்டுகிறான். கெஞ்சுகிறானா, தடுக்கிறானா தெரியவில்லை. சுற்றிலும் 'ஃபெல் டெம்ப் ரெபராட்டியோ' என்று எழுத்து. விற்றவர் கொடுத்த சீட்டில் 'கான்ஸ்டான்டியஸ் 2' என்றும், அந்த வாசகத்துக்கு 'இனிய காலம் மீண்டது' என்று பொருள் என்றும் இருக்கிறது. அடியில் எஸ், எம், கே, ஏ என்று நான்கு எழுத்துகள்.

குத்துபவர்தான் பேரரசரா? இனிய காலம் என்று எழுதிவிட்டு ஒருவனைக் குத்திக் கொல்லும் படத்தை ஏன் போட்டார்கள்? அப்புறம், அம்மா புளியோடு தயாராக நிற்கிறார். தேய்த்துப் பளபளப்பாக்கலாமா?

---

உரைகல் எழுதியது:

புளியை உடனே அடுப்படிக்குத் திருப்பி அனுப்புங்கள். எலுமிச்சை, வினிகர், பாத்திரம் துலக்கும் பொடி, எதுவும் வேண்டாம். அந்தக் கரும்பச்சைப் படலம் அழுக்கு இல்லை. பல நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்ததில் உலோகத்தின் மேற்பரப்பே மாறி உண்டானது. எழுத்தும் உருவமும் பெரும்பாலும் அந்தப் படலத்தில்தான் நிற்கின்றன. புளி பட்டால் அதோடு சேர்ந்து அவையும் போய்விடும்.

வெளிர்பச்சையில் மாவு மாதிரி எங்காவது பூத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் அது வேறு விவகாரம்: உலோகத்துக்குள் இருக்கும் குளோரைடு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து காசை அரித்துக்கொண்டே போகும். சேகரிப்பவர்கள் வெண்கல நோய் என்பார்கள். அப்படி இருந்தால் படம் போடுங்கள், சொல்கிறேன். இல்லையென்றால் காகித உறையில் வைத்து, டப்பாவில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் போதும். பிவிசி உறை வேண்டாம், அதிலிருந்து கசியும் அமிலம் செம்பைக் கெடுக்கும்.

அந்த நான்கு எழுத்துகள் காசு அடித்த இடத்தைச் சொல்கின்றன. எஸ் எம் என்பது 'சாக்ரா மொனேட்டா', அதாவது பேரரசரின் அக்கசாலை. கே என்பது கிசிகஸ் நகரம்; மர்மரா கடலின் தென்கரையில், இன்றைய துருக்கியின் எர்டெக் ஊரை ஒட்டி அதன் இடிபாடுகள் இருக்கின்றன. கடைசி ஏ, அந்த அக்கசாலையின் முதல் பட்டறை. பட்டறைகளுக்கு எண் கிரேக்க எழுத்தில்தான்: ஆல்ஃபா, பீட்டா, காமா என்று போகும்.

போலியா என்ற சந்தேகம் வரும். இந்த வகை ஏராளமாகக் கிடைப்பதால் போலி செய்வதில் லாபம் குறைவு. இருந்தாலும் விளிம்பைச் சுற்றி வார்ப்புக் கோடு ஓடுகிறதா, மேற்பரப்பில் குமிழ் உடைந்த குழிகள் உண்டா என்று லென்ஸ் வைத்துப் பார்த்துவிடுங்கள். நீங்கள் சொன்ன எடையும் அளவும் கி.பி. 350களின் நடுவில் வந்த சிறிய காசுகளோடு பொருந்துகின்றன.

---

கல்லாப்பெட்டி எழுதியது:

திவ்யா அம்மா, நான் வங்கியில் கேஷ் கவுன்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். நம் ரூபாய்க் காசில் ஆண்டுக்குக் கீழே வைரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத் என்று பார்த்துப் பழகிய கண். ரோமானியக் காசுக்கு வந்தபோதும் முதலில் அடியில்தான் போய் நின்றது. அதை உரைகல் சொல்லிவிட்டார். நான் தலைக்கும் குதிரைக்கும் வருகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தலை. பேரரசர் கான்ஸ்டன்டைன் 337இல் இறந்தபோது மூன்று மகன்கள் பேரரசைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பெயர்கள்: கான்ஸ்டன்டைன், கான்ஸ்டான்டியஸ், கான்ஸ்டன்ஸ். (அப்பா பெயரை விட்டு வெளியே வர மனமில்லாத குடும்பம்.) பங்கு போடுவதற்கு முன்பே சித்தப்பாக்கள், அவர்கள் மக்கள் என்று உறவில் பலரைப் படைவீரர்கள் வெட்டித் தீர்த்திருந்தார்கள். மூத்தவன் 340இல் தம்பி கான்ஸ்டன்ஸோடு சண்டைக்குப் போய் மாண்டான். மேற்கு கான்ஸ்டன்ஸ் கையில், கிழக்கு கான்ஸ்டான்டியஸ் கையில். உங்கள் காசு கிழக்குக்காரருடையது.

அந்த முத்துப் பட்டையைக் கவனியுங்கள். அகஸ்டஸ் காலம் தொட்டு ரோமானியப் பேரரசர் காசில் தலையில் வாகை மாலை இருக்கும், இல்லாவிட்டால் சூரியக் கதிர்க் கிரீடம். கிரேக்க அரசர்கள் கட்டிய தலைப்பட்டையை ரோமானியர்கள் ராஜா வேஷம் என்று வெறுத்தார்கள். 324ஐ ஒட்டி கான்ஸ்டன்டைன் அதைத் துணிந்து காசில் ஏற்றினார். மகன் காலத்தில் அது வழக்கமாகி, முத்தும் மணியும் ஏறிவிட்டது. எழுத்தின் தொடக்கத்தில் டி என் என்று இருக்கிறதே, அது 'நம் ஆண்டவர்' என்பதன் சுருக்கம். பழைய காசுகளில் 'இம்பெராட்டர்' என்று, படைத்தலைவர் என்ற பொருளில் தொடங்கும். பட்டையையும் அந்த இரண்டு எழுத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஆட்சி எந்தத் திசையில் போயிருந்தது என்று தெரியும்.

முகத்தில் அவரைத் தேடாதீர்கள். அந்தக் காலத்துக் காசுகளில் பெயரை மறைத்துவிட்டால் அண்ணன் எது, தம்பி எது என்று சொல்வது கஷ்டம். மழித்த கன்னம், பெரிய கண், அசையாத கழுத்து, அவ்வளவுதான். ஆனால் அவருடைய படையில் அதிகாரியாக இருந்த அம்மியானுஸ் மார்செல்லினுஸ் பின்னாளில் எழுதிய வரலாற்றில் ஆள் நேரில் எப்படி இருந்தார் என்று குறித்திருக்கிறார்: மாநிறத்துக்குச் சற்றுக் கறுப்பு, துருத்திய கூரிய கண்கள், மென்மையான முடி, இடுப்புக்கு மேலே நீளம், கால் மட்டும் குட்டையாக வளைந்திருக்கும், அதனால் ஓட்டத்திலும் தாவுவதிலும் கெட்டிக்காரர். காசில் இடுப்புக்குக் கீழே வராது என்பதில் அவருக்கு நிம்மதி இருந்திருக்கும்!

அதே அம்மியானுஸ், 357இல் கான்ஸ்டான்டியஸ் ரோமுக்குள் ஊர்வலமாக நுழைந்ததையும் விவரிக்கிறார். பொன் ரதத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். வழிநெடுக ஆரவாரம். இடம் வலம் திரும்பவில்லை, எச்சில் துப்பவில்லை, மூக்கைத் துடைக்கவில்லை. மனிதரா சிலையா என்று தெரியாதபடி வந்தார் என்கிறார். ஆளோ குள்ளம், ஆனால் உயரமான வாயில்களைக் கடக்கும்போதுகூடக் குனிந்துகொண்டாராம். உங்கள் காசின் தலையை அந்த ஊர்வலத்தோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். பட்டறைக்காரனுக்கு முகம் செதுக்கத் தெரியாமல் இல்லை. அவர் எப்படித் தெரிய விரும்பினாரோ அப்படித்தான் செதுக்கியிருக்கிறான்.

இப்போது மறுபக்கம். குத்துபவர் பேரரசர் இல்லை. தலையில் பட்டை இல்லை, வீரனின் கவசம்தான் இருக்கிறது. எனக்கு இதில் பிடித்த சங்கதி, நம் ஆள் தரையில் நிற்கிறான், எதிரி குதிரையில் இருந்தான் என்பது. ரோமானியச் சிற்ப மரபில் இது தலைகீழ். டிராஜன் காசில் பேரரசர் குதிரை மேல் பாய்ந்து வருவார், டேசிய நாட்டவன் காலடியில் கிடப்பான். ரைன் எல்லையிலும் பிரிட்டனிலும் புதைத்த குதிரைவீரர்களின் கல்லறைக் கற்களிலும் அப்படித்தான்: ரோமானியன் மேலே, எதிரி கீழே. இந்தக் காசில் குதிரை எதிரிக்குப் போய்விட்டது. ஏன் என்றால் கிழக்கில் எதிரி என்றால் பாரசீகன், பாரசீகன் என்றால் குதிரைப்படை. பாரசீக அரசர் இரண்டாம் ஷாபூர் ரோமானியர்களின் நிசிபிஸ் கோட்டையை 337–338இல் முற்றுகையிட்டார், 346இல் மறுபடியும், 350இல் மூன்றாவது முறை. மூன்று முறையும் கோட்டை விழவில்லை, ஷாபூரும் ஓய்ந்துவிடவில்லை. சிங்காராவில் ஓர் இரவுச் சண்டை, இரு தரப்பும் நொந்து பிரிந்தார்கள். கான்ஸ்டான்டியஸுக்குக் கிழக்கில் பெரிய வெற்றி என்று காட்ட எதுவும் இல்லை. காசில் மட்டும் பாரசீகன் விழுந்துகொண்டே இருக்கிறான்.

விழுபவன் எப்போதும் ஒரே மாதிரி விழுவதில்லை. சில காசுகளில் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருப்பான், சிலவற்றில் தரையில் உட்கார்ந்திருப்பான், சிலவற்றில் உங்களுடையது போலத் திரும்பிக் கை நீட்டுவான். தாடி, கூம்புத் தொப்பி தெரிந்தால் நல்ல அச்சு. வீரன் காசின் முழு உயரத்துக்கு நிற்க, குதிரை ஆட்டுக்குட்டி அளவுக்குச் சுருங்கியிருக்கும். அதைப் பட்டறைக்காரனின் கைக்குறை என்று நினைக்கக் கூடாது. கிசிகஸ் மக்கள் கிரேக்கம் பேசுபவர்கள், காசின் எழுத்தோ லத்தீன். சந்தையில் மீன் விற்பவளுக்கு அந்த வாசகம் எட்டாது. யார் பெரியவன், யார் கீழே கிடக்கிறான் என்பது யாருக்கும் எட்டும்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: 'இனிய காலம்' என்பதற்கு அந்த அரசவை கொடுத்த விளக்கமே அந்தப் படம். வயலும் தானியமும் சோலையும் போட்டிருக்கலாம், முந்தைய பேரரசர்கள் போட்டிருக்கிறார்கள். இவர்கள் போட்டது, எதிரி வீழ்ந்த நொடி.

இதில் இன்னொரு கசப்பும் இருக்கிறது. 350 ஜனவரியில் மேற்கே மாக்னென்டியஸ் என்ற படைத்தலைவன் கலகம் செய்து தன்னைப் பேரரசனாக அறிவித்தான். கான்ஸ்டன்ஸ் தப்பி ஓடும் வழியில் கொல்லப்பட்டார். கான்ஸ்டான்டியஸ் பாரசீக எல்லையை விட்டு மேற்கே திரும்பினார். 351 செப்டம்பர் 28, முர்சா. இன்றைய குரோவேஷியாவின் ஒசியெக். ரோமானியனும் ரோமானியனும் வெட்டிக்கொண்டார்கள். கான்ஸ்டான்டியஸ் வென்றார். ஆனால் எத்தனையோ அந்நியப் போர்களுக்குப் போதுமான படைபலம் அந்த ஒரே சண்டையில் அழிந்தது என்று அடுத்த தலைமுறையில் எழுதிய யூட்ரோபியஸ் புலம்புகிறார். உங்கள் காசு அதற்குப் பிறகு அடித்தது. அந்தச் சண்டையின் சுவடு காசில் எங்கும் இல்லை. குத்துபவன் ரோமானியன், விழுபவன் அந்நியன், வழக்கம்போல.

ஒன்று மட்டும் மாறியது: எடை. 348இல் முதலில் வந்தபோது இதே படம் 5 கிராமை ஒட்டிய காசில் இருந்தது, கொஞ்சம் வெள்ளியும் கலந்திருந்தார்கள். சில ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கி, வெள்ளியும் பெயரளவுக்கு ஆகிவிட்டது. உங்கள் 2.3 கிராம் அந்தச் சரிவின் கீழ்ப்படி. கவுன்டரில் உட்கார்ந்தவனுக்கு இது ஒன்றே போதும், காலம் இனியதா இல்லையா என்று தெரிந்துகொள்ள.

---

மாமல்லன் எழுதியது:

கல்லாப்பெட்டி சார், அருமை. ஆனால் வாசகத்தை முழுக்கப் போரோடு கட்டிவிட்டீர்கள். கி.மு. 753இல் ரோம் நிறுவப்பட்டது என்பது அவர்கள் கணக்கு. அப்படியென்றால் 348இல் நகரத்துக்கு 1100 வயது. சரியாக அந்த ஆண்டில்தான் இந்த வாசகம் வருகிறது. இதே வாசகத்தோடு ஃபீனிக்ஸ் பறவை நிற்கும் சிறிய காசும் உண்டு. எரிந்து மறுபடி பிறக்கும் பறவை. பிறந்தநாள் கொண்டாட்டக் காசு என்றுதான் நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

---

கல்லாப்பெட்டி எழுதியது:

மாமல்லன், ஃபீனிக்ஸ் விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. வாசகத்தின் பின்னால் அந்த 1100 இருந்திருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் 'கொண்டாட்டம்' என்றதும் வரலாற்றாசிரியர் அவுரேலியுஸ் விக்டர் குறுக்கே வந்து நிற்கிறார்.

248இல் பேரரசர் ஃபிலிப் ஆயிரமாவது ஆண்டைத் தடபுடலாகக் கொண்டாடினார். அரங்கில் விலங்குகள், காசுகளில் சிங்கம், நீர்யானை, மான், ரோமை நிறுவியவர்களுக்குப் பாலூட்டும் ஓநாய் என்று வரிசை. விக்டர் அதைச் சொல்லிவிட்டு, என் காலத்திலேயே ஆயிரத்து நூறாவது ஆண்டும் ஃபிலிப்பஸ் என்பவர் கான்சலாக (ஆண்டுதோறும் ஆள் மாறும் உயர்பதவி) இருந்தபோது கடந்தது, வழக்கமான விழா எதுவும் இல்லாமல் போயிற்று என்று வருத்தப்படுகிறார். ஃபிலிப்பஸ் கான்சலாக இருந்தது 348. அந்தக் காலத்தில் வாழ்ந்தவரே எழுதியது இது.

அந்த விழாவில் பலியிடுவது உண்டு. கிறித்தவப் பேரரசர்களுக்கு அது ஆகாது. விழாவை விட்டுவிட்டு வாசகத்தை மட்டும் காசில் ஏற்றினார்கள் என்பது என் ஊகம். அந்த வாசகத்துக்குக் கீழே பல படங்கள் வந்தன: ஃபீனிக்ஸ், கப்பலில் நிற்கும் பேரரசர், சுக்கான் பிடிப்பது வெற்றித் தேவதை, அவர் கையில் கிறிஸ்துவின் முதலெழுத்து பொறித்த கொடி, மரத்தடிக் குடிசையிலிருந்து சிறிய உருவம் ஒன்றைக் கைபிடித்து வெளியே அழைத்து வரும் வீரன். எல்லாமே நேர்த்தியான படங்கள். சில ஆண்டுகளில் எல்லாம் உதிர்ந்து, குத்தும் படம் மட்டும் மிஞ்சியது. அதைத்தான் லியோன் முதல் அலெக்சாந்திரியா வரை அடித்துத் தள்ளினார்கள். பிறந்தநாள் வாழ்த்தாகத் தொடங்கியது எதில் போய் நின்றது பாருங்கள்.

---

யாழ்க்குயில் எழுதியது:

நான் டொராண்டோவில் இருக்கிறேன். ஒரு சின்ன விசயம். இந்தக் காசு லண்டனில் வாங்கினது எண்டபடியால் கேட்கிறேன்: பிரிட்டனில் இதே படத்தை ஆட்கள் தாங்களே திருட்டுத்தனமாக அடித்துப் புழங்கினார்கள், அப்படியானதாக இருக்குமோ? நான் வைத்திருக்கிற ஒன்றில் வீரன் வெறும் குச்சி, குதிரை நாலு கோடு, எழுத்து வெறும் கீறல்.

இன்னொன்று, நாலாம், ஐந்தாம் நூற்றாண்டு ரோமச் சிறு செப்புக் காசுகள் இலங்கையிலும் கரூர், மதுரைப் பக்கத்திலும் நிறைய எடுத்திருக்கிறார்கள். இலங்கையில் அவற்றைப் பார்த்துத் தாங்களே அடித்த நகல்களும் உண்டு. அவை பெரும்பாலும் திவ்யாவின்றதை விடவும் சின்னன்.

---

உரைகல் எழுதியது:

யாழ்க்குயில் சொல்வது சரி, 350களில் பிரிட்டனிலும் கோல் நாட்டிலும் (இன்றைய பிரான்ஸ் பக்கம்) நகல்கள் ஏராளம்; சிறு சில்லறை போதாததுதான் காரணம். ஆனால் திவ்யா சொன்ன எழுத்துகள் முழுசாக, சரியான இடத்தில் பிரிந்து நிற்கின்றன. நகலில் எழுத்துதான் முதலில் குழம்பும். எடையும் பொருந்துகிறது. லண்டனில் விற்றதால் பிரிட்டன் மண்ணில் கிடைத்தது என்று ஆகாது. பால்கன், துருக்கிப் பக்கத்துக் காசுகள்தான் அந்தச் சந்தைகளில் குவிகின்றன. கிசிகஸில் அடித்த அரசுக் காசு என்றே வைத்துக்கொள்ளலாம்.

---

கோவைத் திவ்யா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடமிருந்து காசைப் பிடுங்கி ஒளித்து வைத்துவிட்டேன். வெளிர்பச்சைப் பொடி எதுவும் இல்லை. லென்ஸில் பார்த்தேன், விழுபவனுக்குத் தாடி இருக்கிறது, தொப்பியும் கூர்மையாகத்தான் தெரிகிறது.

கல்லாப்பெட்டி சார், அந்தப் படம் கடைசியில் என்ன ஆயிற்று? அப்புறம் அண்ணன் இன்னொன்று வாங்கி வருகிறேன் என்கிறான். விலை ஏறாமல், இதோடு சேர்த்து வைக்கிற மாதிரி ஒன்று சொல்லுங்களேன்.

---

கல்லாப்பெட்டி எழுதியது:

350களின் பிற்பாதியில் அதை எடுத்துவிட்டு, கையில் உருண்டையும் ஈட்டியுமாகத் தனியாக நிற்கும் பேரரசரைப் போட்டார்கள். வாசகமும் 'நாட்டின் நம்பிக்கை' என்று மாறியது. காசு இன்னும் சிறுத்தது. 359இல் ஷாபூர் ரோமானியர்களின் ஆமிதா நகரத்தைப் பிடித்தார். அம்மியானுஸ் அந்த முற்றுகைக்குள் மாட்டி, இரவில் தப்பி ஓடியவர். 361 நவம்பரில் கான்ஸ்டான்டியஸ் காய்ச்சலில் இறந்தார். அப்போதும் ஒரு ரோமானியனை எதிர்த்துத்தான் படையெடுத்துப் போய்க்கொண்டிருந்தார். சித்தப்பா மகன் ஜூலியனை.

இரண்டாவது காசுக்கு காலஸ் கேளுங்கள். ஜூலியனின் அண்ணன், 337 வெட்டில் தப்பியவர். 351இல் கான்ஸ்டான்டியஸ் அவரை இளைய பேரரசராக்கி அந்தியோக்கியாவுக்கு அனுப்பினார். 354இல் அவரே தலையை வாங்கவும் உத்தரவிட்டார். இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் காலஸ் பெயரிலும் இதே வீரன், இதே குதிரை, இதே வாசகம் அடித்தார்கள். பதவி ஏற்றபோது அவருக்கும் கான்ஸ்டான்டியஸ் என்றே பெயர் வைத்துவிட்டார்கள், அதனால் விற்பவர்களே சில சமயம் குழம்பி இரண்டையும் ஒரே தட்டில் போட்டு வைத்திருப்பார்கள். அண்ணனிடம் சொல்லுங்கள்: தலையில் பட்டை இருக்கக் கூடாது, வெறும் முடிதான் தெரிய வேண்டும், எழுத்தின் கடைசியில் ஏவிஜி (மூத்த பேரரசரின் பட்டம்) வராது, நாப் சீஸ் (இளையவரின் பட்டம்) என்று முடியும். கிசிகஸ் காசாகவே கிடைத்தால் விட வேண்டாம், பேரம் மட்டும் பேசச் சொல்லுங்கள்.